ஒரு காப்பும் நாலு ஆமாவும்

அதிகம் பேசுகிறவன்தான் மாட்டிக்கொள்வான் என்று நினைத்து, சின்ன வயதிலிருந்தே நான் கம்மியாகத்தான் பேசுவேன். அது தப்பு. கம்மியாகப் பேசி மாட்டிக்கொண்ட கதை இது. அந்த இரண்டு நாளில் நான் வாய்தவறிச் சொன்னது மொத்தம் நாலு "ஆமா". வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. (ஒரு வயரை வெட்டினேன். அது பிறகு.)

எனக்குத் தொழில் கவாத்து. கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, கையை மேலே தூக்கி, கத்தரியால் கொடியை வெட்டிவிடுகிற வேலை. வெட்டினால்தான் புதுத் துளிர் வரும். துளிரில்தான் காய் பிடிக்கும். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. பதினெட்டு வருடமாக அண்ணாந்தே நிற்கிறேன். அண்ணாந்து நிற்கிறவனோடு யாரும் பேச மாட்டார்கள். அதனால் காதில் பாட்டு.

ஒருநாள் போன் தானாக ஒரு பாட்டைப் போட்டது. ஒரு கிடார், ஒரு உறுமி, ஒரு பெண் குரல். கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுகிற மாதிரி இருந்தது. என் கத்தரி நின்றுவிட்டது. அந்தக் குழுவின் பெயர் ஊசித்தட்டான். அப்போது அந்தப் பாட்டை மொத்தமே எண்பது தடவைதான் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு. (பன்னிரண்டும் நான்.)

அப்புறம் பைத்தியம் முற்றியது. சினிமாவுக்குப் போகாமல், கிராமத்து மெட்டை எடுத்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள் எந்த மூலையில் இருந்தாலும் தேடிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை புதுப்பாட்டு வருகிறது என்றால் வியாழக்கிழமையே போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிடுவேன். ஊசித்தட்டானின் முதல் ஆல்பத்தில் ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டின் நடுவில் உறுமி அடிக்கிறவர் லேசாக இருமுவார். அந்த இடம் வந்தால் நானும் இருமுவேன். எல்லாப் பாட்டுக்கும் கீழே "நல்லா இருக்கு" என்று எழுதிவைப்பேன். ஒருமுறை அந்தப் பாடகிப் பிள்ளை பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டது. அதை என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள்.

"யாரு மாமா இவ?"

"பாடுற பிள்ள."

"பாடுற பிள்ளைக்கு நெஞ்சப் பிச்சு அனுப்புற வேலையும் உண்டோ?"

அதோடு வீட்டில் ஊசித்தட்டான் பேச்சை எடுப்பதில்லை.

அப்படி இருக்கும்போது செய்தி வந்தது. தேனிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாட்டுத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊசித்தட்டான். நேரில். எங்கள் பள்ளத்தாக்கில். பந்தலுக்கு அடியில் தனியாக நின்று ஒரு குதி குதித்தேன். தலை கம்பியில் இடித்தது. இடித்த பிறகும் குதித்தேன்.

சனிக்கிழமை, கத்தரிக்குச் சாணை பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தோப்பு வாசலில் ஒரு பெண் என் மணிக்கட்டில் மஞ்சள் துணிப்பட்டை ஒன்றைக் கட்டினாள்.

"அண்ணா, ரெண்டு நாளும் இதக் கழட்டக் கூடாது. கழட்டினா செல்லாது."

தலையாட்டினேன். அன்று பாடியது எல்லாம் புதுப்பிள்ளைகள். ஒருத்தன் பித்தளைக் குடத்தைத் தட்டியே ஐந்து பாட்டுப் பாடினான். குடத்துக்கு அவ்வளவு சோகம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நான் மறந்துபோனது ஒன்று. அதே சனிக்கிழமை எங்கள் ஊர் முத்தாலம்மன் கோயிலில் காப்புக்கட்டு. அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்தவர்கள் அன்றைக்கு மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை சட்டி எடுத்து இறக்குகிற வரை அதைக் கழற்றக் கூடாது. கறி தின்னக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது.

வாசலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். செல்வியின் அண்ணன். கோயில் கமிட்டிக்காரர். என் கையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்ள! காப்புக் கட்டிட்டீகளா?"

இல்லை என்று சொன்னால் மாந்தோப்பைச் சொல்ல வேண்டும். ஊசித்தட்டானைச் சொல்ல வேண்டும். சிவப்பு இதயத்தைச் சொல்ல வேண்டும். சாணை பிடிக்காத கத்தரியைச் சொல்ல வேண்டும். எப்படியும் நாற்பது வார்த்தை வரும். எனக்கு அது ஒரு மாதத்துப் பேச்சு.

"ஆமா" என்றேன்.

"அக்கினிச்சட்டிக்கா?"

"ஆமா."

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போன வருசம் ஏணியில இருந்து விழுந்து கெடந்தீகள்ல, அப்ப நேந்துக்கிட்டேன் மாமா. இவுக எந்திரிச்சு நடந்தா சட்டி எடுப்பாகன்னு. உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு ஒரு வருசமா மருகிக்கிட்டு இருந்தேன். ஆத்தாளே உங்க மனசுல பூந்து சொல்லிட்டா பாருங்க."

ஆத்தா சொல்லவில்லை. தோப்பு வாசலில் நின்ற பெண் சொன்னாள். ஆனால் அதை அந்த நேரத்தில் எந்த மனுசனால் சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக் குழம்பு கிடையாது என்று ஆகிவிட்டது. மஞ்சள் வேட்டி கட்டிவிட்டார்கள். சட்டை இல்லாத உடம்பில் சந்தனம். கழுத்தில் வேப்பிலை மாலை. மச்சான் வந்து எச்சரித்தார்.

"எல்லையத் தாண்டிராதீக மாப்ள. தாண்டுனா தங்கச்சி நேந்தது வீணாப் போகும்."

மத்தியானம் வரை மூலையில் உட்கார்ந்து யோசித்தேன். போனால் செல்வியின் நேர்த்தி. போகாவிட்டால் ஊசித்தட்டான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கையில் இருப்பது அம்மன் காப்பே இல்லை. இது மாந்தோப்புக் காப்பு. மாந்தோப்புக் காப்புக்கு மாந்தோப்புதான் எல்லை. (இவ்வளவு மூளை படிக்கிற காலத்தில் வந்திருந்தால் பத்தாவதாவது தாண்டியிருப்பேன்.)

"தோட்டம் வரைக்கும் போயிட்டு வாறேன்" என்றேன். நம்ப வேண்டுமே என்று கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சட்டை எடுத்தால் சந்தேகம் வரும். அதனால் அப்படியே போனேன். தோட்டத்தின் கோடியில் எல்லைக்கல். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். கல்லில் கால் இடித்தது. ஆத்தா கவனித்துவிட்டாள் என்று தெரிந்தது. ஆனாலும் தேனி பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் எழுந்து இடம் விட்டார்கள். பக்கத்தில் கடமலைக்குண்டுக்குப் போகிற இரண்டு அம்மாக்கள்.

"சாமி எங்கன போறீக?"

"மாந்தோப்பு."

"அங்கன கோயிலு இருக்கா சாமி?"

அடுத்த கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்று, "ஆமா" என்றேன்.

"ஏத்தா, நம்மளும் எறங்கிக் கும்பிட்டுட்டுப் போவோம்" என்று இரண்டு பேரும் என்னோடு இறங்கிவிட்டார்கள்.

வாசலில் இன்று ஒரு பையன் நின்றான். என் வேப்பிலையைப் பார்த்தான். பின்னால் கும்பிட்டபடி வந்த இரண்டு பேரையும் பார்த்தான்.

"ஆர்ட்டிஸ்ட் எல்லாம் அந்தப் பக்கம்ணே. உங்க குழுவுல மூணு பேரா?"

எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்தான். "ஆமா."

மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டு அடி தூரத்தில் அந்தப் பாடகிப் பிள்ளை. கண்ணாடி போட்டிருந்தது. பக்கத்தில் உறுமிக்காரர். அவர் லேசாக இருமினார். எனக்கும் இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வணக்கம்ணே. நீங்க என்ன பண்றீங்க?" என்றது அந்தப் பிள்ளை.

தொழிலைக் கேட்கிறது என்று நினைத்தேன்.

"கவாத்து."

"கவாத்தா! கேள்விப்பட்டதே இல்லையே. எத்தன வருஷமா?"

"பதினெட்டு."

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அப்பாகிட்ட."

"இதெல்லாம் இப்ப அழிஞ்சிட்டு வருதாண்ணே?"

"இல்ல. வெட்ட வெட்டத் துளுக்கும்."

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது. என் கையைப் பிடித்தது. நேராக மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னைக்கு நம்மகூட இந்தப் பள்ளத்தாக்கோட கவாத்துக் கலைஞர் ஒருத்தர் இருக்காரு!"

தோப்பு முழுக்கத் தலை. எல்லாரும் கத்தினார்கள். கோயில் இதுதான் போலிருக்கிறது என்று என்னோடு வந்த இரண்டு அம்மாக்களும் குலவை போட்டார்கள். உறுமி ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டு. என் பாட்டு.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தேன். அண்ணாந்தேன். கையைத் தூக்கினேன். ஒரு வெட்டு, ஒரு எட்டு. ஒரு வெட்டு, ஒரு எட்டு. உறுமிக்காரர் என் கத்தரிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். இருமுகிற இடம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இருமினோம். கீழே இருந்த பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கி இரண்டு விரலால் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு தோப்பே கவாத்துப் பண்ணியது. நான் சிரித்துக்கொண்டே ஆடினேன். (நான் சிரித்து செல்வியே பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட இல்லை.)

பதினெட்டு வருடக் கைக்கு ஒரு கெட்ட பழக்கம். தலைக்கு மேலே என்ன தொங்கினாலும் வெட்டும். மேடைக்கு நடுவில் ஒரு மைக் வயர் தொங்கியது.

வெட்டிவிட்டேன்.

'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் எந்தப் பெட்டியிலும் சத்தம் இல்லை. தோப்பே அமைதி. அந்த அமைதியில் குலவை மட்டும் கேட்டது. வயரின் துண்டு என் தோளில் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். பாடகிப் பிள்ளை என்னைப் பார்த்தது. சிரித்தது. மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தது. தோப்பில் இருந்த பிள்ளைகளும் கூடப் பாடினார்கள். அதுதான் கலை என்று நினைத்துவிட்டார்கள் போல.

அதெல்லாம் போனில் நேரலையாக ஓடியது எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது எல்லைக்கல்லில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்வி.

"எங்கன போயிட்டு வாறீக மாப்ள?"

"தோட்டம்."

"தோட்டத்துல அம்புட்டுக் கூட்டமா? நீங்க வயர வெட்டுனத ஊரே பாத்துருச்சு. இவரு உங்க வீட்டு மாப்ளதானன்னு எங்கிட்டக் கேக்குறாக!"

செல்வி என் கையைப் பிடித்து, பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அனுமதி. சனி, ஞாயிறு."

அப்போது நான் பேசினேன். மாந்தோப்பு, ஊசித்தட்டான், சிவப்பு இதயம், கத்தரி, எல்லாம். நாற்பது வார்த்தையைத் தாண்டியிருக்கும். மூச்சு வாங்கியது.

"அப்ப ஆத்தா ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"இல்ல."

"அப்பச் சட்டி?"

"எடுக்குறேன்."

"ஒரு வருசமா இதக் கேக்கத்தான் பயந்தேனாக்கும்" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "இவுக கையில இருந்தது காப்பே இல்லண்ணே. அப்ப எல்லையத் தாண்டுனதும் தப்பில்ல. பூசாரியக் கூப்பிடு. இப்பக் கட்டட்டும்."

(நான் அரை நாள் யோசித்ததை அவள் அரை நிமிஷத்தில் யோசித்தாள்.)

செவ்வாய்க்கிழமை சட்டி எடுத்தேன். இரண்டு கையிலும் நெருப்பு. கோயில் மேளக்காரருக்கும் போன் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அதே அடியை அடித்தார். என் கால் கேட்கவில்லை. ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

"ஆடாதீக மாமா! சட்டி, சட்டி!" என்று செல்வி கூடவே ஓடி வந்தாள். சட்டி விழவில்லை. நேர்த்தி முடிந்தது.

ஊசித்தட்டானின் அடுத்த ஆல்பத்தில் ஏழு பாட்டு. ஏழாவது பாட்டின் பெயர் 'கவாத்து'. அதில் கத்தரிச் சத்தமும் குலவையும் இருக்கிறது. கடைசியில் ஒரு 'டப்'பும் இருக்கிறது. செல்விதான் அதை அதிகம் கேட்கிறாள். கீழே அவளே ஒரு சிவப்பு இதயமும் போட்டிருக்கிறாள். நான் வழக்கம்போல "நல்லா இருக்கு" என்று எழுதினேன்.

இப்போதும் நான் கத்தரியோடு வீட்டைவிட்டு இறங்கினால், மச்சான் எதிர் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"மாப்ள, கவாத்துக்கா? கச்சேரிக்கா?"

நான் நிற்பதில்லை. நடந்துகொண்டே சொல்வேன்.

"ஆமா."