நான் திட்டாமல் இருந்த சனிக்கிழமை

பிப்ரவரி 8, சனிக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். காபி, இரண்டு இட்லி. 7.10க்குச் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் உட்கார இடம் கிடைத்தது. டைரியில் அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கணக்கில் அரியர் வைத்த மாணவர்களுக்கு எங்கள் கல்லூரியில் நான் எடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அது ஐந்தாகிவிட்டது. மற்றவர்கள் செல்போனில் ஏஐ சாட்பாட்டிடம் படிப்பதாகக் கேள்வி. அன்று பத்துப் பேராவது இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவேன் என்றும், பத்தரைக்கு எண்ண வருவேன் என்றும் துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

முந்தின நாளே அந்தச் சாட்பாட்டிடம் வேண்டுமென்றே ஒரு தப்பான விடையைக் கொடுத்துப் பார்த்தேன். “மிக அருமையான முயற்சி!” என்றது. (பத்தொன்பது வருடங்களில் சரியான விடைக்குக்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.) பிள்ளைகளை இழுப்பது இந்த இனிப்புதான் என்று முடிவுகட்டி, “செல்லங்களே, வாருங்கள்!” என்று வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப் படத்துடன் செய்தி போட்டேன்.

பதினோரு பேர் வந்துவிட்டார்கள்.

செய்யூர் மோகனா கரும்பலகையில் தப்பாகப் போட்டாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “அழகான சிந்தனை, கண்ணு” என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

“மேடம், இன்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லியா?” என்றாள் மோகனா.

பின் பெஞ்சில் ஒருவன், “வேலைய வுட்டுப் போறாங்க போல மச்சான்” என்றான்.

“அட நீ வேற! ரிசல்ட் வந்துட்ச்சுடா. எல்லாரும் ஃபெயிலு. அத்தப் பக்குவமா சொல்லிகினு கீறாங்க” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மோகனா அழத் தொடங்கினாள். “அற்புதமான கேள்வி” என்று தேற்றினேன். (அவள் எதையும் கேட்கவில்லை.) அவ்வளவுதான், பதினோரு பேரும் ரிசல்ட் பார்க்க ஆபீசுக்கு ஓடினார்கள்.

பத்தரைக்குத் துறைத் தலைவர் வந்தபோது வகுப்பில் நானும் மின்விசிறியும் இருந்தோம்.

ரிசல்ட் வரவில்லை என்று தெரிந்து, பையை எடுக்க மோகனா மட்டும் திரும்பினாள். “சாட்பாட்டில் அப்படி என்னம்மா இருக்கு?” என்று அவர் கேட்டார்.

“மொதல்ல அதுவும் இன்னிக்கு மேடம் பேசுன மாரிதான் சார், தப்புக்கெல்லாம் சூப்பருன்னுச்சு. தூக்கமா வந்துச்சு. அப்பறம் மேடம் மாரி திட்டச் சொன்னோம். இப்பத்தான் மண்டைல ஏறுது.”

நான் குறுக்கே புகுந்தேன். “அப்போ இங்கேயே வரலாமே?”

“ரெண்டு பஸ் மாறி வரணும் மேடம். அது வூட்டுலயே திட்டுது.”

வகுப்பை மூடிவிட்டார்கள். இன்றும் நான் கொஞ்சம் அன்பாகப் பேசினால், “என்ன, ரிசல்ட் வந்துடுச்சா?” என்கிறார் என் கணவர்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, பல் துலக்குவதற்கும் முன்னால், என்னைப் போலப் பேசச் சொல்லி அவர்கள் சாட்பாட்டுக்குக் கொடுத்த கட்டளையை மோகனாவிடம் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு வரிகள். மூன்று இடங்களில் நான் திட்டும் முறையைத் தப்பாக எழுதியிருந்தார்கள். திருத்தி, குழுவில் போட்டேன்.