செத்துச் செத்துப் பெயர் வாங்கியவர்

எங்கள் ஊர் பாடாங் செராயில் அவரைவிட அதிக முறை செத்தவர் இன்னும் பிறக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவருக்குப் பிழைப்பு. சினிமாவிலும் டிவி நாடகத்திலும் சாவதுதான் உயிர். ஊரே அவரைப் 'பொணம் அண்ணே' என்றுதான் கூப்பிட்டது. அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

கறுத்த முகம், முறுக்கு மீசை, ஆட்டுக்கல் போல உடம்பு. பார்த்தவுடன் படக் கம்பெனிக்காரர்கள் கையில் பாராங் கத்தியைக் கொடுத்துவிடுவார்கள். குண்டர், குடிகாரர், லாரித் திருடர். இதை விட்டால் வேறு வேஷம் கிடையாது. கதை சூடு பிடிப்பதற்குள் ஆளை முடித்துவிடுவார்கள்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா சாத்திரம் பார்க்கிறவர். படத்தில் செத்தாலும் சாவு சாவுதான் என்பது அவர் கட்சி. அண்ணன் செத்துவிட்டு வரும் நாளெல்லாம் வாசல் பைப்படியிலேயே தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருமுறை குண்டடி பட்டுப் பிழைத்துக்கொள்ளும் வேஷம். இன்றைக்குச் சாகவில்லை என்று கெஞ்சிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அரை வாளி ஊற்றினார் அக்கா.

ரோட்டோர ஒட்டுக்கடையில் என்னோடு தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மனசில் இருப்பது வெளியே வரும்.

"நம்மாளு செத்தா ஒருத்தனும் அழ மாட்டேங்கிறான் தம்பி. ரோட்டுல கார் செத்து நின்னாகூட ரெண்டு பேரு வந்து எட்டிப் பாக்குறாங்க லா."

ஒரு வேஷத்துக்காவது பெயர் இருக்க வேண்டும், அந்தப் பெயருக்காக ஒரு சீவன் அழ வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மெர்போக் பக்கம் பழைய துரை பங்களாவில் ஒரு மனோதத்துவத் திகில் படம் எடுக்க வந்தார்கள். ஒரு மலாய் மனநல டாக்டர், தான் கொன்ற காவலாளி கண்ணெதிரே வந்து வந்து நிற்பதைப் பார்த்துப் பித்துப் பிடித்துப் போகிறார். காவலாளி நம் அண்ணன்தான். என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன்.

இயக்குநர் இளவயது மலாய்ப் பெண். அண்ணன் நேரே போய், காவலாளிக்கு என்ன பெயர் என்று கேட்டார். காவலாளி, அவ்வளவுதான் அங்கிள் என்றார் அவர். அண்ணன் மலாயிலேயே மடக்கினார். பெயர்கூடத் தெரியாத ஒருத்தன் செத்ததற்கு டாக்டருக்கு எதற்குப் பைத்தியம் பிடிக்கிறது? அந்தப் பெண் கையிலிருந்த கதைத்தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார்.

ஆயுசெல்லாம் காத்திருந்த கேள்வி. அண்ணன் வேறெதுவும் தோன்றாமல் சொந்தப் பெயரையே சொல்லித் தொலைத்தார்: ஆறுமுகம்.

பெருமை தாங்காமல் அக்காவுக்குப் போனும் போட்டார். உயிரோடு இருக்கிற மனுசன் பெயரில் பொணமா? அக்கா சுத்திப் போட உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு கிராப் டாக்சி பிடித்து பங்களாவுக்கே வந்துவிட்டார். அவர் நுழைந்த நேரம் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தரையில் கிடந்தவரை உலுக்கி, ஆறுமுகம், ஆறுமுகம் என்று கதறுகிறார். அண்ணன் அசையவே இல்லை; தொழிலில் அவ்வளவு சுத்தம். அக்கா கையிலிருந்த மிளகாய் தரையெல்லாம் சிதறியது. பெருங்குரலெடுத்து அழுதார்.

"எந்திரிங்க. போதுங்க, செத்தது போதுங்க."

பொணம் எழுந்து உட்கார்ந்தது.

"அழாத லெச்சுமி. நான் இருக்கேன்ல."

இயக்குநர் அவர் எழுந்ததை வெட்டிவிட்டு, அழுகையை மட்டும் வைத்துக்கொண்டார்.

படத்தைச் சுங்கைப் பட்டாணி தியேட்டரில் பார்த்தோம். நம்மவன் ஒருத்தனுக்காக நம் மொழியிலேயே ஒருத்தி அழுகிற குரல் அரங்கம் முழுக்க நிறைந்தது. மலாய்க்காரர், சீனர் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மகள் வீட்டோடு ஜொகூர் பக்கம் போய்விட்டார்கள். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. தனியாகக் குடிக்கிற தேத்தண்ணி எனக்கு இறங்க மாட்டேன் என்கிறது. உங்கள் ஊர்ப் படப்பிடிப்பில் முறுக்கு மீசையோடு யாராவது செத்துக் கிடந்தால், ஆறுமுகம் அண்ணே என்று பெயர் சொல்லி எழுப்புங்கள். தம்பி தேடுகிறான் என்று சொல்லுங்கள்.