கடலை வாங்க வந்தவர்

என் மூளை சும்மா இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. அது வேலை செய்யத் தொடங்கியது எண்பதுகளில், நான் பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கீழப்பழுவூர் டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது. ஒரு ஜீப் மைக்கில் அறிவித்துக்கொண்டே போனது: இலங்கையிலிருந்து வந்து பதியாமல் தங்கியிருப்பவர்கள் உடனே ஸ்டேஷனில் பதிய வேண்டும், சந்தேகப்படும்படி புது ஆள் வந்தால் பொதுமக்கள் தகவல் தர வேண்டும். பொதுமக்கள் என்றால் நான்தான் என்று அந்த நொடியே தோன்றிவிட்டது. (வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது.)

வீட்டில் அக்கா தேன்மொழிக்கு இரண்டு வரன் தட்டிப்போய், அடுத்ததாவது தகைய வேண்டுமே என்று அப்பா தூங்காமல் கிடந்தார். நான் நாட்டுக்காகத் தூங்காமல் கிடந்தேன்.

அந்த வாரமே ஆள் சிக்கினார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல்பை. டீக்கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டவர், நான் நெருங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"எந்த ஊருங்க?"

"அந்தப் பக்கம்."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"கடலை வாங்க வந்தேன் தம்பி."

"கடலை இப்பதாங்க பூ வுட்டிருக்கு!"

அவர் முகம் வெளுத்தது. எனக்குப் புல்லரித்தது.

"பழைய கடலை ஒரு வூட்ல இருக்கு, வாங்க" என்று சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டேன்.

"ஊரு ஆளுங்க எப்படி தம்பி? வந்தவங்கள நல்லா பாத்துக்குவாங்களா?"

"கண்ணக் கொட்டாம பாத்துக்குவாங்க."

நேரே ஸ்டேஷன் வாசலில் இறக்கினேன்.

ஏட்டு ரேஷன் கார்டு கேட்டார்.

"அதக் கையில வச்சுக்கிட்டா அய்யா ஊருக்குப் போவாங்க?"

"அப்ப ஒங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் வரணும். மொதல்ல எதுக்கு வந்தீங்க, அதச் சொல்லுங்க."

அவர் வெட்கத்தோடு நெளிந்தார். "எங்க அக்கா மவனுக்குப் பொண்ணு தேடுறோங்க. தெக்குத் தெருவுல தேன்மொழின்னு ஒரு பொண்ணாம். பாக்க வர்றதுக்கு முன்னாடி, அந்த வூட்டு மனுசங்க எப்படின்னு நாலு பேர்ட்ட கமுக்கமா விசாரிச்சுட்டுப் போலாம்னு..."

ஏட்டு சிரிப்பை மீசைக்குள் அமுக்கினார். "இனிமே விசாரிக்கவே வேணாங்க. பொண்ணோட தம்பிதான் ஒங்களப் புடிச்சாந்திருக்காப்ல."

ஆளனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். "இவரத் தெரியுமா?" என்றார் ஏட்டு.

அப்பா உற்றுப் பார்த்து, "தெரியாதுங்களே" என்றார்.

நான் அவர் காதில், "சம்பந்தி வூட்டு ஆளுப்பா. இனிமே ஆவாங்களான்னுதான் தெரியல" என்றேன்.

அப்பாவின் கை ஓங்கியது. இடம் ஸ்டேஷன் என்பதால் இறங்கியது. "ரொம்ப நாளாத் தெரிஞ்சவருங்க!" என்று கையெழுத்துப் போட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாப்பிட அழைத்துப்போனார்.

அக்கா அவருக்கு ரசம் ஊற்றினாள். எனக்கு இலையே போடவில்லை. இந்த வரனும் போச்சு என்று அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சியபோதுதான், எனக்கு நாட்டு நினைப்பு சுத்தமாக விட்டுப்போனது.

வந்தவர் கைகழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பொண்ணு தங்கம். இந்தப் பயலத்தான் கல்யாணத்தன்னைக்கு எங்கயாச்சும் கட்டிப்போடணும்."

கட்டிப்போடவில்லை. மண்டப வாசலில் மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தடை இன்றும் அமலில் இருக்கிறது. எந்த விசேஷத்திலும் நான் வாசல் பக்கம் நகர்ந்தால் போதும், அக்கா வீட்டுக்காரர் கத்துவார்: "மாப்ள, உள்ள வா! ஒன்னப் பாத்து சனம் திரும்பிப் போயிரப் போவுது!"

அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் வேலையைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். தெளிப்பேன், சிரிப்பேன், எந்த ஊர் என்று யாரையும் கேட்கவே மாட்டேன்.