முதற்காட்சிக்கு நேரமில்லை

ஒரு தேசத்தின் வரலாற்றைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமானால், அந்தத் தேசத்தை விட்டு எட்டாயிரம் கிலோமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். அந்த வகையில் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நிகரான இடம் உலகில் இல்லை. இங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், தவரத்தினத்தின் சாப்பாட்டுக்கடைப் பின்னறையில், வெங்காய மூடைகளுக்கு நடுவே, ஆதிகுடிகள் முதல் ஆங்கிலேயர் வரையான இலங்கை வரலாறு இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடிக்கப்பட்டது.

எழுதியவர் கலாசாரக் கழகத் தலைவர் அரியரத்தினம். அவர் ஆயுட்காலத் தலைவர் என்று சிலர் சொல்வது அவதூறு. ஒவ்வோர் ஆண்டும் தேர்தல் நடக்கும். வேறு யாரும் நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவருக்குள் ஒரு காயம் இருந்தது. சின்ன வயதில் படித்த சரித்திரப் புத்தகத்தில் அவருடைய தமிழ்ச் சனங்களுக்கு நாலு வரியில் ஒரேயொரு பந்தி. அதிலும் படையெடுத்து வந்து தோற்றுப் போகிறார்கள். அந்தப் பந்தியை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே கழகத்தின் ஆண்டு விழாவில் "உண்மை வரலாறு" நாடகமாக மேடையேற வேண்டும்: ஆதிகுடிகள், அரசர்கள், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்.

வேடங்களைப் பங்கிடும் கூட்டம் கூடியது. ஆங்கிலேயத் தேசாதிபதியின் வேடத்தை அரியரத்தினம் "பொறுப்புணர்வோடு" தானே ஏற்றுக்கொண்டார். தொப்பியில் இறகு இருந்தது. பின்னறையைத் தந்த தவரத்தினத்தின் மகன் போர்த்துக்கீசத் தளபதி ஆனான். அடிமைப்படுத்த வந்தவர்களின் வேடத்துக்குப் பெற்றோர் தங்களுக்குள் அடிபட்டார்கள். ஆதிகுடிக்கு மட்டும் ஆள் இல்லை.

"என்ரை மகள் லக்சிகா இலை கட்டிக்கொண்டு நிக்கிறதோ?" என்றாள் கோசலை. "வட்ஸப்பிலை லண்டன், கனடா எல்லாம் பாக்கும் அண்ணை. அவளுக்கு ஒல்லாந்துக்காரி வேசம் தாங்கோ."

மூலையில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த மரியமலர் தலை நிமிர்ந்தாள்.

"என்ரை மகள் சாண்ட்ரா செய்வாள், அண்ணை. என்ரை அம்மா மட்டக்களப்பிலை வாகரைப் பக்கம். வேடர் குடி, ஆதிகுடியெண்டு சொல்லுறது எங்களைத்தான்."

வரலாற்றில் இருக்க வேண்டியவர்கள் நேரில் வந்து உட்கார்ந்திருப்பது ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதுமே சங்கடம்.

"நல்லது, நல்லது," என்றார் அரியரத்தினம். "பேச்சு ஒண்டும் இல்லை. நிண்டாக் காணும்."

"ஒரு வரி குடுங்கோ அண்ணை. 'நாங்கள் இஞ்சை முதலே இருந்தனாங்கள்' எண்டு."

அரியரத்தினம் பிரதியைப் புரட்டினார். இரண்டாம் காட்சியில் தமிழ் அரசர் வந்தவுடன் சொல்வது: "இம்மண்ணின் முதற்குடி நாமே." அவருக்கு மிகவும் பிடித்த வசனம். அதை எழுதிய அன்று அழுதுவிட்டார்.

"தங்கச்சி, மண்டபத்திலை தந்த நேரம் காணாது," என்றார். "ஆதிகுடி வாற முதற்காட்சியை எடுத்துவிடுவம். நேரப் பிரச்சினைதான், வேறை ஒண்டும் இல்லை."

நேரமில்லை என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அடுத்த தீர்மானத்தில் ஒல்லாந்தர் காட்சிக்கு ஒரு நடனம் சேர்க்கப்பட்டது.

"அப்ப சாண்ட்ரா?" என்றாள் மரியமலர்.

"அவளைக் கைவிடுவமே? காட்டிலை மரமா நிக்கட்டும். மரமும் ஆதியிலை இருந்தே நிக்கிறதுதானே."

விழா நாளில் திரை விலகியது. ஆளில்லாத காடு, ஓரத்தில் ஒரு மரம். அரசர் வந்து முதற்குடி தாமே என்றார், மண்டபம் அதிர்ந்தது. போர்த்துக்கீசர் வந்தார்கள், ஒல்லாந்தர் ஆடினார்கள், தேசாதிபதி இறகுத் தொப்பியோடு வந்து தீவு முழுவதையும் தனதாக்கிக்கொண்டார். மரம் அசையவே இல்லை. நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

முடிவில் அரியரத்தினம் தொப்பியைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எங்களை வரலாற்றிலை இருந்து துடைச்சுப்போட்டாங்கள். அவ்வளவு பெரிய புத்தகத்திலை எங்களுக்கு ஒரு பந்தி. ஒரேயொரு பந்தி."

குரல் உடைந்தது. அது நடிப்பல்ல. சபை எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் மரியமலர் மகளின் உடம்பிலிருந்து அட்டை இலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"பேச்சு எப்பிடி இருந்தது, தங்கச்சி?"

"நல்லா இருந்தது அண்ணை," என்றாள். "அவங்கள் உங்களுக்கு ஒரு பந்தியெண்டாலும் தந்தவங்கள்."