என் அக்கா என்கிற பொதுமக்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பொது நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். மூன்றாவதற்குத்தான் ஒரு துணைக்குழு தேவைப்பட்டது.

நான் அதில் இறுதியாண்டு மாணவன். முதலாண்டில் எங்களுக்கு 'கவனத்தில் கொள்ளுதல்' என்று ஒரு பாடம். கவனத்தில் கொண்டதை எங்கே வைத்துத் தொலைப்பது என்பது இரண்டாமாண்டு. 'ஆவன செய்யப்படும்' என்பதைக் கண் சிமிட்டாமல் சொல்ல வகுப்பில் என்னை விட்டால் ஆளில்லை. வீட்டில் அம்மா கடைக்குப் போகச் சொன்னால்கூட "பரிசீலிக்கிறேன்" என்பேன். அம்மாவே போய் வந்துவிடுவாள். கல்வி பலன் தர ஆரம்பித்திருந்தது.

செய்முறைத் தேர்வுக்காகத் துறையில் ஒரு மாதிரி அலுவலகம் உண்டு. மேசை, கண்ணாடித் தடுப்பு, சுற்றாத மின்விசிறி எல்லாம் அசல். கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையை மட்டும் இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். பொதுமக்கள் குனிந்தால்தான் பேச முடியும். குனிந்தவர் நெடுநேரம் பேச மாட்டார். இந்தத் தத்துவத்தைக் கண்டறிந்துதான் எங்கள் பேராசிரியர் முனைவர் ஆனார். நாங்கள் அதிகாரிகளாக உட்காருவோம். முதலாண்டு மாணவர்கள் பொதுமக்களாக நடிப்பார்கள்.

என் தேர்வு நாளன்று பொதுமக்கள் வரவில்லை. அவர்களை மொத்தமாக ஏதோ கருத்தரங்கில் கைதட்ட அழைத்துப் போயிருந்தார்கள்.

"பொதுமக்கள் இல்லாம எப்படிப்பா மார்க் போடறது?" என்றார் பேராசிரியர். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்றால் அரசுப் பணி நேர்காணலும் போச்சு.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு என் அக்கா வந்தாள். முழங்கால் வரை நனைந்திருந்தாள். அவள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நேரே சமையலறைக்குள் புகுந்திருந்தது. நகராட்சி அலுவலகத்தில் யாரும் காது கொடுக்கவில்லையென்று, நிர்வாகம் படிக்கும் தம்பியை நம்பி ஓடி வந்திருக்கிறாள்.

பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு பரவசமானார். "அடடா, வாடையோடயே வந்திருக்காங்க பாரு. இந்த வருஷம் பொதுமக்கள் தரம் எங்கயோ போயிடுச்சு. ஆரம்பிப்பா."

உண்மையைச் சொன்னால் தேர்வு போய்விடும். நான் ஓட்டையைக் காட்டினேன். அக்கா குனிந்தாள்.

"டேய், வீட்டுக்குள்ள சாக்கடை வந்துடுச்சுடா. குழந்தையைக் கட்டில் மேல உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். யாருக்காவது ஒரு போன் போடுடா."

"தங்கள் பெயர்?"

"என்னது?"

"தாங்கள் யார் என்று தெரிந்தால்தான்..."

"உங்கக்காடா. என்னடா ஆச்சு உனக்கு?"

"உறவுமுறைகளை இந்தப் பிரிவில் ஏற்பதில்லை" என்றேன். பின்னால் பேராசிரியரின் பேனா உற்சாகமாக ஓடியது. "சாக்கடை தங்கள் வீட்டுக்குள் வந்ததா, அல்லது தங்கள் வீடு சாக்கடையின் வழியில் போய் நின்றதா?"

"அது எங்க மாமனார் கட்டின வீடுடா."

"அப்படியானால் மாமனாரை வரச் சொல்லுங்கள்."

"அவர் போய்ச் சேந்து எத்தனை வருஷமாச்சு. நீயும்தானே வந்து அழுத?"

"அது தனிப்பட்ட முறையில்."

அக்கா நிமிர்ந்தாள். கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. கத்துகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பின்னாலேயே ஓடலாமா என்று பாதி எழுந்தேன். முழு மதிப்பெண் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை அக்கா வீட்டுக்காரரும் தெருக்காரர்களும் கடப்பாரையோடு இறங்கி அடைப்பை எடுத்தார்கள். நான் ஓரமாக, நனையாமல் நின்று பார்த்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. ஆய்வாளனுக்கு அது பெரிய வசதி. 'வடிகால் பராமரிப்பில் மக்கள் பங்கேற்பு' என்ற என் ஆய்வேட்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் வாங்கும்போது அக்கா வரவில்லை. குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று அம்மா சொன்னாள்.

நேர்காணலில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

"பொதுமக்களுக்கு நீங்க செஞ்ச பெரிய சேவைன்னு எதைச் சொல்வீங்க?"

"எங்கக்காவுக்கு இப்ப எந்தக் குறையும் இல்லைங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"எந்த ஆபீசுக்கும் போறதில்லை. யார்கிட்டயும் எதுவும் கேக்கறதில்லை."

"உங்ககிட்ட?"

"என்கிட்டயும்தான் சார்."

ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒத்தை ஆளா ஒரு குடும்பத்துக்கே இவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்றார். "உங்க கையில ஒரு மாவட்டத்தையே கொடுத்தா என்ன ஆகும்?"

கொடுத்துவிட்டார்கள்.