ஏழு பருக்கை மிதக்க வேண்டும்

இதை என் அத்தை மகள் சொல்லித்தான் கேட்டேன். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

உச்சக்கோடை. ஆற்றோர மண்டபத்தில் சதுரங்கப் போட்டி. பரிசு ஒரு ஜாடி மலைத்தேன். மூன்று வருடமாகத் தக் கியூசொப் என்பவர்தான் ஜெயித்தார். மூன்று ஜாடியையும் மண்டபத்து நண்பர்களே நக்கித் தீர்த்தார்கள். நாலாவதும் தனக்கே என்று அன்று காலை கண்ணாடியிடம் அறிவித்தார்.

மனைவி பாங் மல்ரே மின்சாரக் குக்கரைக் காட்டினாள்.

"ஏங்க, சிக்கே பானத்துக்குச் சோறு போட்டிருக்கேன். முளைகட்டின பார்லித் தண்ணியில இளஞ்சூட்டுல ஊறுது. ஏழு பருக்கை மிதந்ததும் ஒரு கொதி விட்டு அணைச்சுட்டு எங்க வேணா போங்க. அதுவரைக்கும் அசையக் கூடாது."

"மூணு மணிக்குள்ள பேர் குடுக்கணும்டி!"

"அஞ்சு மணி நேரத்துல மிதந்துடும். மணி இப்ப ஒம்பதுதானே? எதுக்கு இந்தக் குதி? மண்டபத்துல பேர் எழுதுறதே நான்தான்."

அவள் போனாள். அவர் குக்கர் பக்கத்தில் பாயில் சாய்ந்தார். வெளியே சில்வண்டுகள் ஒரே சுருதியில் இழுத்தன. தானிய வாசனை அறையெங்கும் மெல்லப் பரவியது. கண் செருகியது. அவரே ஒரு பருக்கையானார். உடம்பின் கனமெல்லாம் இனிப்பாகக் கரைய, மெதுவாக, மெதுவாக மேலே வந்தார். தேன் நிற ஆறு அவரைச் சுமந்து போனது. கரையில் சதுரங்கத் தளபதிகள் வரிசையாகக் குனிந்தார்கள்.

விழித்தபோது மணி இரண்டரை. குக்கரில் ஒரு பருக்கைகூட எழவில்லை.

யோசித்தார். டப்பாவிலிருந்து ஏழு அரிசிப் பொரியை எடுத்து மிதக்கவிட்டார். ஊறுவதற்குள் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். ஓடினார்.

மண்டபத்தில் எல்லோர் கையிலும் கிண்ணம் நிறைய ஜில்லென்ற சிக்கே. மல்ரே பெயர் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது ஏது?" என்றார் மூச்சிரைக்க.

"நேத்தே வெச்சது."

"அப்ப வீட்டுல இருக்கறது?"

"அது முளைகட்டின பார்லி இல்ல, வறுத்த பார்லி டீயில போட்ட சோறுங்க. வருஷம் முழுக்க ஊறினாலும் மிதக்காது. நீங்க வீட்டோட கிடந்தா இந்தத் தடவையாவது தேன் வீடு வந்து சேருமேன்னு பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஏழும் எப்படிங்க மிதந்துச்சு? இந்த அதிசயப் படத்தை எல்லாருக்கும் காட்டட்டுமா?"

"வேணாம்டி... மானம் போயிடும்."

"அப்ப அந்தக் கிண்ணத்தை எல்லாம் கழுவுங்க."

அவர் ஆற்றங்கரைக்குப் போனார். அவள் நோட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

அத்தை மகளை நம்பாமல் மண்டபத்துக்கே போய் ஜெயித்தவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அவள் கூட்டிச் சொல்லவில்லை. அந்த வருடம், வெற்றி: பாங் மல்ரே. அதற்குக் கீழே, கிண்ணம் கழுவி உதவியவர்: தக் கியூசொப்.