மடங்குகிற வண்டியும் மன்னார்குடி மாமனாரும்

மன்னார்குடி

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு, மாமா உபைதுல்லாவின் ஸலாம். இங்கே நானும் உங்கள் மாமி சைத்தூன் பீவியும், மகள் சபிஹாவும், பேரன் ஷஹ்பாஸும் நலம். ஷார்ஜாவில் உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம். வாட்ஸ்அப்பில் பேசினால் சபிஹா பக்கத்தில் நின்று கேட்பாள். அதனால்தான் கடிதம்.

பேரனை உட்கார வைத்துத் தள்ள நீங்கள் அனுப்பிய தள்ளுவண்டி வந்து சேர்ந்தது. குடை மாதிரி மடங்குகிறது, சரி. ஆனால் ஒரு விரலில் தூக்க முடிகிறதே, அது எப்படி? நான் கடைத்தெருவில் மெத்தை வியாபாரம் பார்த்தவன். உட்காரும் இடத்தை அமுக்கிப் பார்த்தேன், பஞ்சே இல்லை, வெறும் துணி. முதுகுப் பக்கம் சாயவும் மாட்டேன் என்கிறது. பிள்ளையை உடனே உட்கார வைக்க மனம் வராமல், ஒரு பூசணிக்காய்க்கு ஷஹ்பாஸின் குல்லாவைப் போட்டு, பெல்ட்டைக் கட்டி, தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். வருகிற வழியில் காய்கறி வாங்கிப் பையைக் கைப்பிடியில் மாட்டினேனோ இல்லையோ, வண்டி மல்லாக்க விழுந்து, பூசணி பெல்ட்டிலிருந்து நழுவித் தரையில் பிளந்துவிட்டது. எதிர்க் கடை ஹாஜா மைதீன், "ஐயோ, புள்ள மண்டை!" என்று கத்தி, தெருவையே கூட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தால் உங்கள் மாமி, "பூசணிக்கு ஏதுங்க முதுகு? அதுக்கு சொகுசு தெரியுமா?" என்று கேட்கிறாள்.

வண்டி விழுந்ததை நான் சொல்ல வரவில்லை மாப்பிள்ளை. இவ்வளவு லேசான வண்டி இந்த ஊர் ரோட்டுக்காகச் செய்ததில்லை. சபிஹாவிடம், "ஏம்மா, இதை மடிச்சு ப்ளேன்ல கொண்டு போகலாமாமே?" என்று சும்மா கேட்டேன். "அடுப்புல பால் பொங்குது அத்தா" என்று உள்ளே ஓடினாள். போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை! வெளிப்படையாகச் சொல்லுங்க, விசா எடுத்துட்டீங்களா? என் பேரனைத் தூக்கிக்கிட்டுப் போகத்தான் இந்த வண்டியா? எப்படியானாலும் என் தீர்ப்பு இதுதான்: இதில் பிள்ளைக்குச் சொகுசு கிடையாது. வண்டியைப் பரணில் போட்டுவிட்டேன். பிள்ளை என் தோளில் இருப்பான்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
உபைதுல்லா

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது கரண்ட் போய்விட்டது. பல் முளைக்கிற வலியில் ஷஹ்பாஸ் ஒரே அழுகை. தோளிலும் நிற்கவில்லை, மாமி மடியிலும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியை இறக்கி, தெப்பக்குளத்தைச் சுற்றித் தள்ளினேன். பாதிச் சுற்றுக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். கூடவே வந்த சபிஹா அப்போதுதான், "விசா வந்துருச்சு அத்தா. உங்கட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று அழுதாள். இன்னொரு சுற்று போனோம். அங்கே ஷார்ஜாவில் நடைபாதையெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்குமா மாப்பிள்ளை?